சம்பளம் வாங்காத முதலாளி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளர் அவர்களுக்கு,

ஆறு ஆண்டுகளாக ஒரு சிறிய தையல் நிறுவனத்தை நடத்தி வருகிறேன். ஐந்து பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். ஒன்பது வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கணவர் மாதச் சம்பளத்தில் பணியாற்றுகிறார். குறை சொல்ல முடியாத மனிதர், கேட்டால் எந்த உதவியும் செய்வார். ஆனாலும் தையற்கூடத்தில் இருக்கும்போது வீட்டையும் வீட்டில் இருக்கும்போது தையற்கூடத்தையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் மகள் ஏதோ சொல்ல வந்தபோது, வாடிக்கையாளர் ஒருவருக்குக் கைபேசியில் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். "பரவாயில்லை அம்மா, அப்புறம் சொல்கிறேன்" என்று எழுந்து போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். லாபம் என்று பார்த்தால், செலவு போக ஏதோ மிஞ்சுகிறது, அதுவும் வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அல்லது பிள்ளைகள் வளரும்வரை தொழிலை மூடிவிடுவதுதான் சரியா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு சொல். "கேட்டால் எந்த உதவியும் செய்வார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் "கேட்டால்" என்ற சொல்லைத்தான் சொல்கிறேன். ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் அது தேவைப்படும் என்பது ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று அவர் யோசித்திருக்க வேண்டும், கேட்ட பிறகு அது நடந்ததா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் நீங்கள் செய்து முடித்த பின் மிஞ்சும் கைவேலையைத்தான் உங்கள் கணவர் செய்து கொடுக்கிறார். அவரைக் குறை கூற இதை எழுதவில்லை; பெரும்பாலான வீடுகளில் இந்தப் பாகுபாடு யாரும் பேசி முடிவெடுக்காமலே அமைந்துவிடுகிறது.

அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டைப் பற்றிய யோசனையையே ஓர் உழைப்பாக எடுத்துக்கொண்டு, அதை அவர் நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, அதை நிறைவேற்றும் வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. இவற்றுள் முடிவெடுக்கும் கட்டத்தில் கணவரும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும், அதாவது பிறர் கண்ணில் படாததும் ஓய்வே இல்லாததுமான வேலைகள், பெண்களிடமே அதிகம் சேர்ந்திருந்தன. ஒரு தொழிலை நடத்துபவர் இதைப் படித்தால் சிரிப்பு வரும். தையற்கூடத்திலும் நீங்கள் செய்வது அதே நான்கு வேலைகள்தாமே! நூல் தீரப்போகிறது என்று முதலில் தோன்றுவது உங்களுக்கு. அனுப்பிய துணி போய்ச் சேர்ந்ததா என்று இரவில் நினைவு வருவதும் உங்களுக்கு.

ஆக, இரண்டு இடங்களுக்கும் சேர்த்து நினைவு வைத்துக்கொள்ளும் ஆள் நீங்கள் ஒருவர்தான். காலையை அங்கும் மாலையை இங்கும் எவ்வளவு திருத்தமாகப் பிரித்துக்கொண்டாலும் அந்த நினைவு நேர அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. முடிவுறாத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் விளக்கினார். அதை அவர் கவனத்தின் எச்சம் என்றே குறிப்பிட்டார். உங்கள் மகள் எழுந்து போன அந்த நிமிடத்தில் உங்களிடம் நேரம் இருந்தது, வீட்டில்தான் இருந்தீர்கள். கவனத்தைத்தான் வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டிருந்தார்.

எனவே வேலைகளைப் பகிர்ந்து கொடுக்காதீர்கள், விஷயங்களை முழுவதுமாக ஒப்படையுங்கள் என்பேன். "இன்று மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வாருங்கள்" என்பது வேலை. பள்ளி தொடர்பான எல்லாமும், கட்டணத்தின் கடைசி நாள் முதல் ஆசிரியரைச் சந்திப்பது வரை, இனி உங்கள் கணவருடையது என்பது விஷயம். பள்ளியிலிருந்து வரும் செய்திகள் அவருடைய கைபேசிக்கே வரட்டும், உங்களுக்கு வரவே வேண்டாம். இதில் கடினமான பகுதி அவருடையதன்று, உங்களுடையது. நான் பல ஆண்டுகள் ஒரு சிறிய அச்சுக்கூடம் நடத்தினேன். என் பிள்ளைகளின் மருத்துவத்தைப் பற்றிய முழுப் பொறுப்பையும் கணவரிடம் ஒப்படைத்த முதல் ஆண்டிலேயே ஒரு தடுப்பூசிக்கான நாளை அவர் இரண்டு வாரம் தவறவிட்டார். பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை, பிறகு போட்டுக்கொண்டோம். ஆனால் நான் மறுநாளே அந்தப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதை மீண்டும் அவரிடம் கொடுக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளும் என் தவறு, இதில் எனக்கு ஐயமே இல்லை.

தையற்கூடத்திலும் இதைச் செய்யலாம், அங்கே எளிதும்கூட, ஏனென்றால் எழுதி வைக்கலாம். எந்தத் தொகைவரை உங்களைக் கேட்காமல் பொருள் வாங்கலாம், தைத்த துணியில் எந்தக் குறை இருந்தால் திருப்பித் தைக்க வேண்டும், வாடிக்கையாளர் தேதியை மாற்றச் சொன்னால் யார் என்ன பதில் சொல்வது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, அனுபவமுள்ள ஒருவரிடம் (உங்கள் கட்டிங் மாஸ்டராக இருக்கலாம்) கொடுத்துவிட்டு, வாரத்தில் ஒரு நாள் போகாமல் இருந்து பாருங்கள். என்ன உடைகிறது என்று அன்று தெரியும். உடைவதை மட்டும் சரிசெய்தால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போகும் வயதை எட்டாத பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அப்படியானால் மகனின் காய்ச்சல் உங்கள் தொழிலுக்கு எதிர்பாராத இடையூறு ஆகாது. எப்போது வரும் என்பதைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்த ஒன்று. ஆறு நாளில் முடியும் வேலைக்கு எட்டு நாள் கேளுங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை பெரும்பாலும் வராது.

இனி லாபத்துக்கு வருகிறேன். "ஏதோ மிஞ்சுகிறது" என்று எழுதியதைப் படித்து உண்மையிலேயே வருத்தப்பட்டேன். ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நீங்கள் ஆறாவது ஆளுக்குக் கொடுப்பதில்லை. உங்கள் வேலையைச் செய்ய வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினால் என்ன கொடுப்பீர்களோ, அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் முதலில் எழுதுங்கள். கையில் அவ்வளவு பணம் இல்லாத மாதத்தில் நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி என்று எழுதுங்கள். தொழில் கணக்கும் வீட்டுக் கணக்கும் வேறு வேறு வங்கிக் கணக்குகளில் இருக்கட்டும். இப்படி எழுதிய பிறகு லாபம் காணாமல் போனால் உங்கள் விலை குறைவு என்று பொருள். வாடிக்கையாளர் கொடுக்காத மீதியை இத்தனை நாளும் உங்கள் தூக்கமும் உங்கள் பிள்ளைகளின் மாலை நேரமும் கொடுத்து வந்திருக்கின்றன. உலகில் ஊதியமில்லாத பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டுச் சொன்னது. வீட்டில் ஊதியமின்றி உழைப்பது அவ்வளவு பழகிப்போனதால், சொந்தத் தொழிலிலும் ஊதியமின்றி உழைப்பதை நாம் கவனிப்பதே இல்லை.

ஒருவர் சம்பளம் பெறும்போதுதான் வீட்டில் உள்ளவர்களும் அதை வேலை என்று எடுத்துக்கொள்கிறார்கள், இது நான் கண்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் அமர்த்தும் செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் அந்தச் செலவைத் தாயின் வருமானத்திலிருந்து மட்டும் கழித்து, "இதற்கு நீ வீட்டிலேயே இருக்கலாமே" என்பார்கள். பிள்ளை இருவருக்கும் பிறந்தது. செலவையும் இருவருடைய வருமானத்திலிருந்தும் கழிக்க வேண்டும்.

மூடிவிடலாமா என்று கேட்டீர்கள். டென்மார்க்கின் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் குழந்தை பிறந்த பிறகு பெண்களின் வருமானம் சரிந்து, நீண்ட காலத்திலும் ஆண்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் பின்தங்கியே இருப்பது தெரியவந்தது. ஆண்களின் வருமானத்தில் அத்தகைய சரிவு இல்லை. எந்த நேரத்தில் அழைத்தாலும் வருபவருக்கு மிகையாக ஊதியம் தரும் வேலைகளே இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது, 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினின் வாதம். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணால் அந்த விதியை மாற்ற முடியாது. உங்களால் முடியும், ஏனென்றால் அங்கே விதியை எழுதுபவர் நீங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பதில் வரும் என்பதை உங்கள் வாடிக்கையாளருக்குப் பழக்கியவர் நீங்கள்தான் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். ஆர்டர்களைக் குறைத்துக்கொள்ளலாம், மிகக் குறைந்த விலை கேட்டு மிக அதிகம் தொந்தரவு தரும் இருவரை விட்டுவிடலாம். மூடிய தொழிலைத் திறக்கும்போது தேர்ந்த கைகள் வேறிடம் போயிருக்கும், வாடிக்கையாளரும் போயிருப்பார்கள். உங்கள் சம்பளத்தையும் சேர்த்து ஓராண்டு கணக்கெழுதிய பிறகும் நிறுவனம் நஷ்டத்தில் இருந்தால், அப்போது தாராளமாக மூடுங்கள். அது வணிக முடிவு. தாய்மையை அதற்குள் இழுக்க வேண்டியதில்லை.

எலன் கலின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம், பெற்றோரின் வேலை உங்கள் வாழ்வைப் பாதிக்கும் விதத்தில் ஒன்றை மாற்ற முடியுமென்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டு 1999இல் முடிவுகளை வெளியிட்டார். தாய் இன்னும் அதிக நேரம் தங்களோடு இருக்க வேண்டும் என்றவர்கள் 10 சதவீதம்தான். 34 சதவீதத்தினர், அம்மாவுக்குப் பதற்றமும் களைப்பும் குறைய வேண்டும் என்றார்கள். உங்கள் மகளின் "பரவாயில்லை அம்மா" என்ற சொல்லை நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்கிறேன்.

அவள் அன்று சொல்ல வந்தது என்ன என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. பிறகு கேட்டீர்களா? கேட்கவில்லையென்றால் இன்று கேளுங்கள், கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு. மறந்துவிட்டேன் என்று அவள் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்.