வாசகர் கேள்வி – பதில்: கடலில் எடுத்த கல்லும் சுண்ணாம்பும்

கேள்வி: எங்கள் உம்மம்மா காலத்து வீடு, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்து கொட்டுகிறது. சிமென்ட் பூசிவிட்டால் ஐம்பது வருஷத்துக்குக் கவலை இல்லை என்கிறார் கொத்தனார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: சகோதரி, சிமென்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். மற்றதை அப்புறம் பேசுவோம்.

காரை உதிர்ந்த இடத்தில் டார்ச் அடித்து, கல்லைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். குட்டிக் குட்டி நட்சத்திரங்களை நெருக்கமாக அச்சுக் குத்தின மாதிரி துளைகள் தெரியும், சில கல்லில் மூளை மடிப்பு போல வளைந்து வளைந்து வரி ஓடும். அது பவளப்பாறை. ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு வளர்ந்தது. அந்தத் துளை வழியாகத்தான் சுவர் மூச்சு விடுகிறது: தரையிலிருந்து ஏறுகிற ஓதம் கல்லுக்குள் வந்து, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறி, உப்பை மேலே விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். பூச்சு கொட்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், ஆனால் கல் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் போக இடமில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் கட்டியாகி உள்ளிருந்தே கல்லைப் பொடியாக்கும். என் அத்தை வீட்டில் இப்படித்தான் நடந்தது. பூசின மூன்றாவது மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. கூடவே கல்லின் முகமும் உரிந்து வந்துவிட்டது. அத்தை அந்தச் சுவரில் கை வைத்தபடி நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கல் இனிமேல் கிடைக்காது என்பதுதான் பெரிய விஷயம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். வெட்டினாலும் குற்றம், விற்றாலும் குற்றம். அது சரியான சட்டம். உங்கள் ஊர்த் தீவுக் கூட்டத்திலேயே பூவரசன்பட்டித் தீவு தண்ணீருக்குள் போனதற்குப் பாறை வெட்டியதும் ஒரு காரணம். ஆகவே உங்கள் வீட்டில் ஒரு சுவர் விழுந்தால் அந்தக் கல்லைக் குப்பையோடு அள்ளவிடாதீர்கள், அடுக்கி வைத்து அதே வீட்டுக்குத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் குறைந்துபோனார்கள், இல்லாமல் போகவில்லை. நீற்றிய சுண்ணாம்பை நன்றாகப் புளிக்கவைத்து, ஆற்று மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டுக் குழைக்கத் தெரிந்தவரா என்று கேளுங்கள். கடல் மணலைக் கலக்க வந்தால் அனுப்பிவிடுங்கள், அதிலேயே உப்பு இருக்கிறது. முதலில் ஒரே ஒரு சுவரைப் பூசி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பிள்ளைகளிடம் இன்னொன்று சொல்லுங்கள். உங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிற வழக்கம். எந்த அறை யாருடைய கல்யாணத்துக்குக் கட்டியது, முற்றம் எப்போது மூடியது என்பதெல்லாம் பெண்கள் வாயில்தான் இருக்கிறது. இடிப்பதோ வைப்பதோ உங்கள் குடும்பத்து முடிவு, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் அதற்கு முன்னால் டேப் வைத்து அறை அறையாக அளந்து, கதவு நிலையையும் ஜன்னலையும் படம் எடுத்து, வீட்டில் மூத்தவரை ஒவ்வொரு அறையிலும் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இது ஒரு வார வேலை.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஊர் வரலாறு எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, தேவிபட்டினம்

பதில்: டீச்சர், ஊர் வரலாறு என்று தொடங்கினால் கடலுக்குள் இருக்கிற நவபாஷாண நவக்கிரகக் கோயிலில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். அது எல்லோரும் எழுதியது. ஒரு தெருவை எடுங்கள், பத்து வீடு போதும்.

பிள்ளைகளை வீட்டில் பழைய பத்திரம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அசலை யாரும் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது, பெரியவர்கள் சம்மதத்தோடு வீட்டிலேயே வைத்துப் படித்துக் குறித்து வரட்டும். பத்திரத்தில் விலையை விட, பெயர்களை விட, செக்குபந்திதான், அதாவது இடத்தின் நாலு பக்க எல்லை விவரம்தான், தங்கம். "இதற்குக் கிழக்கு சத்திரத்துக்குப் பாத்தியப்பட்ட இடம், வடக்கு வண்டிப்பாதை" என்ற மாதிரி ஒரு வரி கிடைத்தால், இன்று செல்போன் கடை இருக்கிற இடத்தில் அன்று ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்கள் தங்கியிருக்கலாம் என்று தெரியும். பக்கத்து வீட்டுப் பத்திரத்திலும் அதே சத்திரம் மேற்கு எல்லையாக வருகிறதா பாருங்கள். வந்தால் சத்திரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே, அந்த இடத்தில்தான் இருந்தது. பத்து பத்திரத்தை ஒட்டினால் தெருவின் பழைய வரைபடமே வந்துவிடும், அதைப் பிள்ளைகள் சார்ட்டில் வரையலாம். ராமநாதபுரம் 1910-ல்தான் தனி ஜில்லா ஆனது. அதற்கு முந்தைய பத்திரத்தில் மதுரை ஜில்லா என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் மழைக்குப் பிறகு பாசிமணி, பானை ஓடு கிடைக்கிறது. எடுத்து வைக்கலாமா?
– ஒரு வாசகர், அழகன்குளம்

பதில்: மேற்கொண்டு தோண்டாதீர்கள். உங்கள் ஊரில் 1980-களிலிருந்து தொல்லியல் துறை அகழாய்வு செய்து ரோமானியக் காசும் பானை ஓடும் எடுத்திருக்கிறது. மணி எந்த இடத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு, டப்பாவில் போட்டுவிட்டால் வெறும் மணி. கிடந்தபடியே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ ராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் உள்ள அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் பெயர் கிறுக்குகிறார்கள், கல்லைப் பெயர்க்கிறார்கள். பார்த்தாலே மனசு கஷ்டமாக இருக்கிறது. தனி ஆளாக என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கிறுக்குகிறவரிடம் நயமாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். அதுவும் பவளக்கல் சுவர்தான், உதிர்ந்தால் உதிர்ந்ததுதான்.

ஆனால் நீங்கள் பக்கத்து ஊர்க்காரர், உங்களால் வேறொன்று முடியும். 1914-லிருந்து எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு என்று ஓடிக்கொண்டிருந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் எல்லாம் போயிற்று. அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அப்படி உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். செல்போனில் பதிவைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எடுத்ததும் புயலைக் கேட்காதீர்கள், அதை அவரிடம் எல்லோரும் கேட்டிருப்பார்கள். கடைத்தெரு எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், கப்பல் வருகிற நேரத்தில் சிறுபிள்ளைகள் எங்கே போய் நிற்பீர்கள் என்று கேளுங்கள்.