சூம்பிய காலுக்கு ஓய்வு மருந்தல்ல

கேள்வி: என் வயது 48. படியில் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, 10 வாரம் மாவுக்கட்டில் இருந்தேன். கட்டைப் பிரித்ததும் பார்த்தால் கால் சூம்பிப் போயிருக்கிறது. முறிவு கூடிவிட்டது, ஆனால் எலும்பு மெலிந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். மருத்துவர் நடக்கச் சொல்கிறார். வீட்டில் காலை ஊன்றவே விடுவதில்லை. கால்சியம் மாத்திரையோடு இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் வீட்டாரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் காலை மெலியவைத்ததே அந்த ஓய்வுதான். முறிவு கூடும்வரை அது தேவைப்பட்டது. இனி அது கெடுதல் செய்யும்.

எலும்புக்குள் ஆஸ்டியோசைட் எனப்படும் செல்கள் இருக்கின்றன. எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இவைதான். நுண்ணிய கால்வாய்கள் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் ஓர் அடி எடுத்துவைக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கால்வாய்களில் உள்ள திரவம் நகர்கிறது. அந்த ஓட்டம் உரசிச் செல்வதை உணர்ந்துதான், ‘இந்த இடத்துக்கு எலும்பு வேண்டும்’ என்று இந்தச் செல்கள் சேதி அனுப்புகின்றன. பாரம் விழாவிட்டால் இவை ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து புது எலும்பு உருவாவதைத் தடுக்கும். நாள்பட்டால் இவற்றில் பல மடியும்; எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே கூடும். விண்வெளி வீரர்களுக்கும் இதுவே நேர்கிறது. எடையற்ற நிலையில் இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. நல்ல சாப்பாடு மட்டும் அதைத் தடுக்கவில்லை. கால்சியமும் வைட்டமின் டியும் கட்டுமானப் பொருள்தான். கட்டு என்று உத்தரவிடுவது பாரம்.

தசையும் அப்படியே. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. அழுந்தி விரிவதால்தான் அதற்கு ஊட்டம் சேர்கிறது.

பாரத்துக்கும் அளவு உண்டு. மெலிந்த எலும்பின் மேல் திடீரென முழு எடையையும் ஏற்றினால் நுண்முறிவு வரலாம். எத்தனை கிலோ ஊன்றலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், கைக்குப் பிடிமானம் வைத்துக்கொண்டு அடிபட்ட காலை அதன்மேல் மெல்ல அழுத்திப் பாருங்கள். 20 கிலோ என்றால் எவ்வளவு என்று கால் பழகிக்கொள்ளும். பிறகு வாக்கர், கைத்தடி என்று படிப்படியாகக் கூட்டலாம். ஒரே மூச்சில் நெடுநேரம் நடப்பதைவிட ஒரு நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது. தொடர்ந்து ஒரே மாதிரி பாரம் விழுந்தால் எலும்புச் செல்கள் மரத்துப்போகும். இடைவெளி விட்டால் மறுபடி உணரும். அசையாமல் நிற்பது நடைக்கு ஈடாகாது.

தசை சில மாதங்களில் தேறிவிடும். எலும்புக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும், பொறுத்திருங்கள்.

மாலையில் பாதம் சற்று வீங்குவது இயல்பு. காலை உயர்த்தி வைத்தால் வடியும். முறிந்த இடத்தில் வலி நாளுக்கு நாள் கூடினால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தாலோ, மூச்சுத்திணறல் வந்தாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.