டப்பா வாங்க முடியாத வீட்டில் பிள்ளைக்கு என்ன கொடுத்தேன்

கேள்வி: "மாத வருமானம் 14,000 ரூபாய். குழந்தைக்கு 6 மாதம் முடிந்துவிட்டது. கடையில் விற்கும் டப்பா உணவு கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே குறைந்த செலவில் என்ன செய்து கொடுக்கலாம்?"

இதை ராத்திரி பதினொன்றே முக்காலுக்குப் போட்டிருக்கிறீர்கள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, கையில் மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள். அதனால் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன். அப்பாவாக இருந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்குத் தேனிப் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். மகனுக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகு ஊரிலிருந்து அத்தை ஒரு பை கேப்பை, அதாவது கேழ்வரகு, கொடுத்துவிட்டார்கள். ஊறவைத்து, அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சினேன். தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் தண்ணீராகவே காய்ச்சுவேன். சங்கில் ஊற்றினால் மடமடவென்று குடிப்பான். வயிறு நிறைந்துவிட்டது என்று எனக்கும் நிம்மதி.

6 மாதத்தில் 7.2 கிலோ இருந்தவன் 8 மாதத்தில் 7.3 கிலோ. பால்வாடி டீச்சர் வளர்ச்சி அட்டையை என் பக்கம் திருப்பினார்கள். மேலே ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது.

"கஞ்சிய கரண்டில எடுத்துச் சாய்ச்சா ஒட்டி நிக்குமா, வழியுமா?"

"வழியும் டீச்சர்."

"அப்ப ரெண்டு மாசமா புள்ளைக்குத் தண்ணிதாம்மா குடுத்திருக்க."

வீட்டில் பை நிறையக் கேப்பையை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போட்டேனே என்று அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் தங்கச்சி, எந்தத் தானியம் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு கெட்டி என்று கேளுங்கள். பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம்தான் பிடிக்கும். அதில் முக்கால்வாசி தண்ணீர் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? 6 முதல் 8 மாதம் வரை தாய்ப்பால் போக ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். வழிகிற கஞ்சியில் அது வராது.

ஆனால் கெட்டியாகக் காய்ச்சினால் களி மாதிரி இறுகும், பிள்ளை துப்பும். நாம் திரும்பத் தண்ணீர் ஊற்றுவோம். இதற்கு வழி முளைகட்டுவதுதான். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ் நொதி அதில் ஊறுகிறது. அந்த மாவைக் காய்ச்சினால் அவ்வளவாக இறுகாது. அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம், பிள்ளையும் விழுங்கும். சாதா மாவில் ஒரு ஸ்பூன் முளைகட்டின மாவு கலந்து காய்ச்சினால்கூட இளகுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நான் செய்தது: ஒரு கிலோ கேப்பையைக் கல் அரித்து, ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். மறுநாள் வெள்ளை முளை தலைகாட்டியதும் பிரித்து நன்றாகக் காயவைத்தேன். புளித்த வாடையோ பூசணமோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காய்ந்ததை இளம் சூட்டில் வறுத்து, தனியாக வறுத்த கால் கிலோ பாசிப்பருப்பும் 100 கிராம் பொட்டுக்கடலையும் சேர்த்து மில்லுக்குக் கொண்டுபோனேன். விடிந்ததும் முதல் ஆளாகப் போங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் பிள்ளை மாவைப் போட்டால் அவ்வளவும் வீண். அப்போது மில் கூலியோடு எல்லாம் சேர்த்து 110 ரூபாய்தான் ஆனது. ஒரு மாதம் வந்தது. 300 ரூபாய் டப்பா எங்களுக்குப் பத்து நாள்கூடத் தாங்காது.

இத்தோடு ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தருகிற துவரம் பருப்பு. குழைய வேகவைத்துச் சோற்றோடு மசித்து ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் அந்த எண்ணெய் மட்டுமே சுமார் 45 கலோரி. நெய்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. இரும்புச்சத்துக்கு வாரம் ஒரு நாள் கொஞ்சம் கோழி ஈரல் வேகவைத்து மசித்துக் கொடுத்தேன்; கறிக்கடையில் தனியாகக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். சைவமாக இருந்தால் முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்து இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி சேர்ந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். புதிதாக எதைக் கொடுத்தாலும் முதலில் தனியாகக் கொடுத்து மூன்று நாள் பாருங்கள். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைப்பிள்ளைக்கு நஞ்சாகும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம்.

"அப்படியென்றால் பால்வாடிச் சத்துமாவில் வெல்லம் இருக்கிறதே?" என்று கீழே ஒருவர் வருவார். இருக்கிறது. நான் ஒரு நாளைக்கு ஒரு வேளை அதைக் கொடுத்தேன், மற்ற வேளைகளில் இனிப்பே இல்லை. வைட்டமினும் தாதுச்சத்தும் சேர்த்து இலவசமாக வருகிற மாவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதி இல்லை. "ரேஷன் பருப்பும் கவர்மெண்ட் மாவும் தின்னு வளர்ற புள்ள" என்று எங்கள் காம்பவுண்டில் ஒரு அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 10 மாதத்தில் அவன் 8.2 கிலோ. அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்த அக்காவிடம் காட்டினேன்.

நான் டாக்டர் இல்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிற பிள்ளை என்றால் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டப்பா வாங்குகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து வந்து முளைகட்டி, வறுத்து, மில்லுக்கு நடக்க உடம்பில் தெம்பு வேண்டும்.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போது இருந்த 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. எங்கள் கம்பெனியிலும் ஒரு அறை இருந்தது. சுவரில் யானைப் படம், தொட்டில், பொம்மை எல்லாம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வருகிற அன்றைக்கு மட்டும் திறப்பார்கள். மற்ற நாளில் உள்ளே அட்டைப்பெட்டி. என் பிள்ளை 2 கிலோமீட்டர் தள்ளிப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கிடந்தான். நான் வைத்துவிட்டுப் போன கெட்டிக் கஞ்சியில், ஊட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று பாட்டி வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த அறை திறந்திருந்தால் மதியம் நானே ஊட்டியிருப்பேன். கேட்டதற்கு, "வேலைக்கு வந்தியா, புள்ள வளர்க்க வந்தியா" என்றார் சூப்பர்வைசர். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

உங்கள் பிள்ளைக்குக் கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள்? பக்கத்துப் பால்வாடியில் தராசு இருக்கும், காசு கேட்க மாட்டார்கள். போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று கீழே எழுதுங்கள்.