வெள்ளிப் பட்டறைக்காரர் வெள்ளி இ.டி.எஃப் வாங்கலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். பத்து வயது மகளின் கல்லூரிப் படிப்புக்காகவும், இரண்டு ஆண்டுகளில் வாங்க வேண்டிய இயந்திரத்துக்காகவும் மாதந்தோறும் சேமிக்க விரும்புகிறேன். டீமேட் கணக்கு (பங்குகளையும் யூனிட்டுகளையும் மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) இருக்கிறது. எனக்குத் தெரிந்த பொருள் வெள்ளிதான் என்பதால், முழுத் தொகையையும் வெள்ளி இ.டி.எஃப்-இல் போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: முழுத் தொகையையும் போட வேண்டாம். இ.டி.எஃப் என்பது பங்கைப் போலச் சந்தையில் யூனிட்டுகளாக வாங்கி விற்கக்கூடிய ஃபண்டு; வெள்ளி இ.டி.எஃப் அந்தப் பணத்தை வெள்ளியில் போடுகிறது. நீங்கள் சொந்த வெள்ளியில் கொலுசு செய்து விற்பவர் என்றால், விலை சரியும் நாளில் பட்டறையில் இருக்கும் சரக்கின் மதிப்பும் மகளுக்கான சேமிப்பும் ஒன்றாகவே இறங்கும். கடைக்காரர் தரும் வெள்ளியைக் கூலிக்குச் செய்து கொடுப்பவர் என்றால் நிலைமை வேறு. விலை ஏறி ஆர்டர் குறையும் மாதங்களில், கையில் இருக்கும் வெள்ளி யூனிட்டுகள் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். அப்போதும் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இயந்திரத்துக்கான பணத்தை எந்தச் சந்தைக்கும் கொண்டுபோகாமல், வங்கியில் தொடர் வைப்பாகச் சேர்த்து வாருங்கள். இரண்டு ஆண்டு என்பது ஒரு சரிவிலிருந்து மீண்டு வரப் போதாத காலம்.

மகளின் படிப்புக்கு எட்டு ஆண்டுகள் இருப்பதால், நிஃப்டி 50 என்ற பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இ.டி.எஃப் பொருத்தமாக இருக்கும். நாட்டின் 50 பெரிய நிறுவனங்களின் பங்குகள், மிகக் குறைந்த நிர்வாகச் செலவில், ஒரே யூனிட்டாகக் கிடைக்கின்றன. ஆனால் 2008-ஆம் ஆண்டில் மட்டும் இந்தக் குறியீடு பாதிக்கு மேல் சரிந்தது என்பதை மறக்கக் கூடாது. அத்தகைய சரிவு கல்லூரிக் கட்டணம் கட்டும் ஆண்டில் வந்துவிட்டால் படிப்பே தடுமாறும் என்பதால், கடைசி மூன்று ஆண்டுகளில் யூனிட்டுகளைச் சிறிது சிறிதாக விற்று வைப்புநிதிக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஓராண்டுக்குப் பின் விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5% வரி உண்டு. பிரித்து விற்பதால் அந்த விலக்கை ஒவ்வொரு நிதியாண்டும் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. வெள்ளி இ.டி.எஃப்-க்கு இந்த விலக்கு கிடையாது.

வாங்கும் முறையில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். பங்கைப் போலவே இ.டி.எஃப்-உம் சந்தையில் கைமாறுவதால், அதன் விலை உள்ளிருக்கும் சொத்தின் மதிப்பிலிருந்து விலகக்கூடும். 2025 அக்டோபரில் உள்நாட்டில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வெள்ளி இ.டி.எஃப்-கள் அவற்றின் உண்மை மதிப்பைவிடக் கணிசமான கூடுதல் விலைக்கு விற்றன. அவற்றில் முதலீடு செய்யும் சில ஃபண்டுகள் ஒரே தடவையில் மொத்தமாகப் போடும் பணத்தைப் பெறுவதையே தற்காலிகமாக நிறுத்தின. கொலுசு வாங்க வருபவர் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுவிட்டுத்தானே செய்கூலி பேசுகிறார்? அதுபோல, ஃபண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் ஐ.என்.ஏ.வி எனப்படும் உடனடி மதிப்பைப் பார்த்து, அதை ஒட்டிய விலைக்கு லிமிட் ஆர்டர் (நீங்கள் குறித்த விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்) போடுங்கள். ஒரே குறியீட்டுக்குப் பல இ.டி.எஃப்-கள் இருக்கும்போது, தினசரி வர்த்தகம் அதிகமாக நடப்பதைத் தேர்ந்தெடுங்கள். வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருந்தால், குறைந்த நிர்வாகச் செலவால் கிடைத்த ஆதாயம் அதிலேயே கரைந்துவிடும்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் இருக்கிறது. அறுவடை முடிந்த பின் ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் வரும். டீமேட் கணக்கு இல்லை. ஓய்வுக்காலத்துக்கு இ.டி.எஃப் எனக்கு உதவுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: உங்களுக்கு நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டு வசதியாக இருக்கும். அதை ஃபண்டு நிறுவனத்திடமே வாங்கலாம், அதற்கு டீமேட் தேவையில்லை. அராபிகா ஒரு வருடம் நன்றாகக் காய்த்து மறுவருடம் குறைவது இயல்பு என்பதால், ஓராண்டுக் கூலியையும் வீட்டுச் செலவையும் முதலில் வங்கியில் ஒதுக்கிவிடுங்கள். மீதியைக் குறுகியகாலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாதந்தோறும் ஒரு தொகை தானாக மாறும்படி எஸ்.டி.பி எனப்படும் ஏற்பாட்டை அமைக்கலாம். இ.டி.எஃப்-க்கு எஸ்.டி.பி வசதி இல்லை.