சோபாவுக்கு அடியில் முதலில் ஸ்கேலை விடுங்கள்: ரோபோ வேக்கம் கேள்வி-பதில்

தானே ஓடித் தரைத் தூசியை உறிஞ்சும் ரோபோ வேக்கம் பற்றி வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். "எந்த மாடல் வாங்கலாம், ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் வீட்டுத் தரையும் கதவுப்படியும் கட்டில் காலும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் மெஷினைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

ஒரு மெஷினில் 4,000 பாஸ்கல் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 12,000. இரண்டாவது மூன்று மடங்கு நன்றாக உறிஞ்சுமா?

உறிஞ்சாது. பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. உறிஞ்சும் வாயை அடைத்துவைத்து, உள்ளே அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் கணக்கு அது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமே சுமார் 1,01,325 பாஸ்கல். அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே சின்ன எண்கள்தான்.

ஓர் உறிஞ்சுகுழாயின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளும், வாய்க்கு ஒரு சொட்டும் வராது. பெட்டியில் அச்சடித்திருக்கும் பாஸ்கல் அந்தக் கன்னத்தின் கதையைத்தான் சொல்கிறது. தூசியைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. அது எவ்வளவு ஓடுகிறது என்பது வாயின் அமைப்பு, தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, ஃபில்டரில் படிந்திருக்கும் அழுக்கு என்று பலவற்றைப் பொறுத்தது.

டைல்ஸ், கல், மரத்தரை என்றால் 3,000 தாராளம் என்பது என் அனுபவம். மெத்தென்ற கம்பளம் நிறைய இருந்தால் கூடுதல் சக்தி உதவும். அங்கேயும் நடுவில் சுழலும் மெயின் பிரஷ்தான் பாதி வேலையைச் செய்கிறது. அப்புறம், அந்த 12,000 கிடைப்பது 'மேக்ஸ்' மோடில் மட்டும். அதில் ஓட்டினால் சத்தம் ஏறும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஒரு வாரம் ஆசையாக மேக்ஸில் ஓட்டுவீர்கள், பிறகு சாதாரண மோடுக்கு வந்துவிடுவீர்கள். எல்லோரும் அப்படித்தான்.

லைடார் இருப்பதை வாங்கு என்கிறார் நண்பர். கேமரா போதும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் நண்பர். லைடார் என்பது லேசரால் தூரத்தை அளந்து வழி கண்டுபிடிக்கும் முறை. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். எலெக்ட்ரோலக்ஸின் டிரைலோபைட் 2001-லும் ஐரோபோட்டின் ரூம்பா 2002-லும் விற்பனைக்கு வந்தன. அந்தக் காலத்து ரூம்பாவுக்கு வீட்டின் மேப் என்று ஒன்று கிடையாது. போய் முட்டும், திரும்பும், வேறு கோணத்தில் கிளம்பும். போதிய நேரம் விட்டால் எப்படியோ எல்லா இடத்தையும் தொட்டுவிடும். விலை குறைந்த சில மெஷின்கள் இன்றும் ஏறக்குறைய இதே வழியில்தான் ஓடுகின்றன. ஒரே ஓர் அறைக்கு அது போதும். மூன்று அறை வீட்டில் விட்டால் கட்டிலடியை நாலு தடவை கூட்டிவிட்டு, ஹாலைப் பார்க்காமலே சார்ஜ் தீர்ந்து படுத்துவிடும்.

2010-ல் நியாட்டோ நிறுவனம் வீட்டு வேக்கத்தில் லேசரைக் கொண்டுவந்தது. இன்று லைடார் என்று சொல்வது அந்த வழிதான். மெஷின் தலையில் உள்ள குட்டிக் கோபுரத்துக்குள் லேசர் விடாமல் சுழன்று, சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். விளக்கை அணைத்தாலும் அதற்குக் கவலையில்லை. கேமராவை மட்டும் நம்பி வழி தேடும் மெஷின் இருட்டில் தடுமாறும்.

லைடாருக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, தரைவரை நீளும் கண்ணாடி. என் வீட்டு அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு அறை இருப்பதாக என் மெஷின் பல நாள் நம்பிக்கொண்டிருந்தது. மேப்பில் அந்த 'அறையும்' அழகாக வரைந்திருந்தது! ஆப்பில் அந்த இடத்தில் தடைக்கோடு போட்ட பிறகுதான் முட்டுவதை நிறுத்தியது. இரண்டாவது, உயரம். கோபுரத்தோடு சேர்த்துப் பொதுவாக 9.5 முதல் 10 செ.மீ. வரை வரும். வாங்குவதற்கு முன் சோபா, கட்டில், அலமாரி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். முன்பக்கச் சட்டத்தை மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சோபாவின் அடித்துணி நடுவில் தொய்ந்திருக்கும். மெஷின் உள்ளே போய் மாட்டிக்கொள்வது அங்கேதான். 10.5 செ.மீ. இருந்தால் நிம்மதி. ஒன்பதுதான் இருக்கிறது என்றால் கோபுரம் இல்லாத, எட்டு செ.மீ. வாக்கில் இருக்கும் மெஷினைத் தேடுங்கள்.

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கோபுரம் தன் உயரத்தில் இருப்பதை மட்டுமே பார்க்கும். தரையில் கிடக்கும் சார்ஜர் வயரும் காலுறையும் அதன் கண்ணில் படாது. அதற்கு முன்பக்கத்தில் கேமராவோ தடைகளை உணரும் சென்சாரோ வேண்டும். பொம்மைகள் இறைந்து கிடக்கும் வீடு என்றால் இரண்டும் இருப்பதை வாங்குங்கள்.

அறைக்கு அறை கதவுப்படி இருக்கிறது. ஏறி இறங்குமா?

2 செ.மீ. வரை ஏறும் என்று பல மெஷின்களில் எழுதியிருப்பார்கள். விளிம்பு சாய்வாக இருந்தால் நம்பலாம். செங்குத்தான கல்விளிம்பு என்றால் ஒன்றரை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலைத் தூக்கி இன்னும் உயரம் ஏறும் மாடல்களும் இப்போது இருக்கின்றன, விலைதான் அதிகம். ஒரே ஒரு படிதான் தொல்லை என்றால், இரண்டு பக்கமும் சாய்வாக மரக்கட்டை அடித்துவிடுவது மலிவான வழி.

கறுப்புக் கம்பளத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்று பின்வாங்குகிறது. ரிப்பேரா?

இல்லை, பயம். மெஷினின் அடியில் இருக்கும் சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் விட்டு, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. வரவில்லை என்றால் கீழே பள்ளம், மாடிப்படி என்று அர்த்தம். அடர் கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் மெஷினுக்கு உங்கள் கம்பளம் ஒரு கிணறு. சென்சார்மேல் டேப் ஒட்டினால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். வீட்டில் மாடிப்படி இருந்தால் அதைச் செய்யாதீர்கள், மெஷின் உருண்டுவிடும்.

எனக்கும் மகள்கள் இருவருக்கும் நீளமான முடி. பிரஷில் சுற்றிக்கொள்ளாத மெஷின் உண்டா?

சுற்றவே சுற்றாது என்று சொல்லும் எதையும் முழுசாக நம்பவேண்டாம். குறைவாகச் சுற்றுவது உண்டு. மயிர்ப் பிரஷைவிட ரப்பர் பிரஷ் மேல். ஒரு பக்கம் கூம்பி முடியை உறிஞ்சும் வாய்ப்பக்கம் தள்ளிவிடும் பிரஷ்கள் இன்னும் மேல்.

எதை வாங்கினாலும் வாரம் ஒரு முறை மெஷினைக் கவிழ்த்துப் பிரஷை வெளியே எடுங்கள். நடுவில் சுற்றியிருக்கும் முடி கண்ணுக்குத் தெரியும், கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டினால் வந்துவிடும். தெரியாத முடிதான் ஆபத்து. பிரஷின் இரண்டு நுனியிலும் இருக்கும் மூடியைக் கழற்றினால், உள்ளே இருக்கும் அச்சைச் சுற்றி முடி இறுகி, மோதிரம் மாதிரி கெட்டியாக இருக்கும். அதை அப்படியே விட்டால் பிரஷ் திணறும், மோட்டார் சூடாகும், கடைசியில் பிளாஸ்டிக் தேயும். மூலையில் சுழலும் குட்டிப் பிரஷின் அடியிலும், முன்சக்கரத்தைப் பிடுங்கினால் அதன் குழியிலும் இதே மோதிரம் கிடைக்கும். "சுத்தமே செய்வதில்லை" என்று என்னிடம் கொண்டுவந்த மெஷின்களில் பாதிக்குமேல் இந்த முடியை எடுத்ததுமே ஓட ஆரம்பித்துவிட்டன.

மாப் வசதியும் சேர்ந்தே வருகிறதே. இனி கையால் துடைக்கவே வேண்டாமா?

எந்த மாப் என்பதைப் பொறுத்தது. பின்னால் ஒரு ஈரத்துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது ஒரு ரகம். முதல் அறையின் அழுக்கை மூன்றாவது அறைவரை பாகுபாடில்லாமல் பரப்பும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். துணியை அதிரவைத்துத் தேய்ப்பது அடுத்த ரகம், பரவாயில்லை. இரண்டு வட்டத்துணிகள் அழுத்திச் சுழல்வதும், உருளை சுழல்வதும்தான் துடைக்கிறது என்று சொல்லும்படியானவை. நடுநடுவே டாக்குக்கு, அதாவது மெஷின் சார்ஜ் ஏற்றிக்கொள்ள நிற்கும் நிலையத்துக்குப் போய்த் துணியை அலசிக்கொண்டு வருவதாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்போதும் அது அன்றாடத் தூசியையும் கால்தடத்தையும்தான் எடுக்கும். காய்ந்து பிடித்த கறைக்கு நீங்கள்தான் குனிய வேண்டும். கம்பளம் இருக்கிற வீட்டில் இன்னொன்றையும் கேளுங்கள்: கம்பளத்தை உணர்ந்து மாப்பைத் தானே தூக்கிக்கொள்ளுமா? தூக்காவிட்டால் ஈரக் கம்பளத்தோடு வாழவேண்டி வரும். டாக்கின் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாள் மறந்தால் வரும் நாற்றத்தை நான் எழுத்தில் சொல்ல முடியாது.

குப்பையைத் தானே கொட்டிக்கொள்ளும் டாக் அவசியமா?

தூசி அலர்ஜியோ ஆஸ்துமாவோ உள்ளவர் இருந்தால் அவசியம் என்பேன். குப்பை பைக்குள் போய்விடும், மெஷினின் டப்பாவை முகத்துக்கு நேரே தட்டவேண்டியதில்லை. செல்லப்பிராணி இருந்தாலும் நல்லது, டப்பா பாதி வழியில் நிறையாது. மற்றவர்களுக்கு ஆடம்பரம். பைகளைத் தொடர்ந்து வாங்க வேண்டும் என்பதையும், கொட்டும் சில விநாடிகள் பெரிய வேக்கம் போலவே அலறும் என்பதையும் மனதில் வையுங்கள். தூங்கும் குழந்தையின் அறையில் டாக்கை வைக்காதீர்கள்.

நாய்க்குட்டி வளர்க்கிறோம், இன்னும் வெளியே போகப் பழகவில்லை.

பழகும்வரை வாங்காதீர்கள். நாய் அசிங்கத்தைக் கண்டு ஒதுங்கும் மாடல்கள் உண்டு. 2021-ல் ஐரோபோட் தன் ஜே7 வரிசைக்கு அப்படி ஓர் உத்தரவாதமே கொடுத்தது. ஆனாலும் ஒரு தடவை தவறினால் போதும், வீடு முழுக்கக் கோலம்.

கேமரா உள்ள மெஷினை படுக்கையறையில் விடலாமா?

இந்தத் தயக்கம் வீண் பயம் இல்லை. சோதனைக்காகப் பயன்படுத்திய ரூம்பாக்கள் 2020-ல் எடுத்த வீட்டுப் படங்கள் சமூக வலைத்தளக் குழுக்களுக்குக் கசிந்ததை 2022-ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை வெளியிட்டது. கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. அவை கடையில் விற்ற மெஷின்கள் அல்ல என்பது உண்மைதான். 2024-ல் எகோவாக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்2 மெஷின்கள் சிலவற்றுக்குள் இன்டர்நெட் வழியாக யாரோ புகுந்து, வீட்டிலிருந்தவர்களை ஸ்பீக்கர் வழியாகத் திட்டியதும் நடந்தது. அவை மக்கள் வாங்கி ஓட்டிய மெஷின்கள்.

மனம் ஒப்பவில்லை என்றால் கேமரா இல்லாத லைடார் மெஷினை வாங்குங்கள், பிரச்சினை அதோடு தீர்ந்தது. கேமரா வேண்டும் என்றால் ஆப் அக்கவுன்ட்டுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள், சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், வீடியோ பார்க்கும் வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

கம்பெனியை மூடிவிட்டால் மெஷின் என்ன ஆகும்?

மேலே சொன்ன நியாட்டோவுக்கே அதுதான் நடந்தது. 2023-ல் மூடினார்கள். 2025-ல் கிளவுட் சேவையும் நின்றதால் ஆப் வழியாக ஓட்டுவது போய், மெஷின்மேல் உள்ள பட்டனை அழுத்தி ஓட்டுவது மட்டும் மிஞ்சியது. ஆகவே இன்டர்நெட் இல்லாமல் பட்டனில் ஓடுமா, பிரஷும் ஃபில்டரும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். இன்னொரு சின்ன விஷயம்: நிறைய மெஷின்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். "ஆப்பில் சேரவே மாட்டேன் என்கிறது" என்ற புகார்களில் பல இதனால் வருபவை.

எப்போதும் சார்ஜிலேயே இருக்கலாமா?

இருக்கலாம், டாக் அதற்குத்தான். மாதக்கணக்கில் வெளியூர் போனால் மட்டும் பாதி சார்ஜில் அணைத்துவைத்துவிட்டுப் போங்கள். லித்தியம் பேட்டரிக்கு முழுக்கத் தீர்ந்த நிலையில் நீண்ட நாள் கிடப்பது ஆகாது.

அம்மாவுக்கு 74 வயது, குனிந்து பெருக்க முடியவில்லை. தனியாக இருக்கிறார், ஸ்மார்ட்போன் பழக்கம் கிடையாது. வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுங்கள். இந்த மெஷினால் மிகவும் பயன்பெறுகிறவர் அவர்தான். ஆனால் நீங்கள் இரண்டு நாள் கூட இருந்து, மேப் போட்டு, நேரத்தை ஆப்பில் அமைத்துவிட்டு வரவேண்டும். அவர் நடமாடும் நேரமாக வைக்காதீர்கள். ஓடும் மெஷின் வயதானவர் காலில் இடறினால் விழுந்துவிடுவார். மதியம் அவர் படுத்திருக்கும் நேரம் சரி. டாக்கின் வயரைச் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அவருக்குக் குப்பையைக் கொட்டிக்கொள்ளும் டாக் ஆடம்பரம் இல்லை, குனிவது அதனால் மிச்சமாகும். பட்டன்களின் எழுத்து பொடியாக இருக்கும். ஓட்டும் பட்டனுக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, "ஓடினால் நிறுத்த, நின்றால் ஓட்ட, இது ஒன்றுதான் அம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.