சிலந்திக்கு அம்மா பேர் வைக்க அட்வான்ஸ் கேக்குறாங்க, குடுக்கலாமா?

கேள்வி: தோட்டத்துல கிடைச்ச ஒரு சிலந்தி எந்த ஆப்லயும் மேட்ச் ஆகல. ஃபோட்டோ பாத்த ஒருத்தர் இது புது இனம், உங்க அம்மா பேரையே வெச்சு ரிஜிஸ்டர் பண்ணி சர்டிபிகேட் வாங்கித் தரேன், அட்வான்ஸ் அனுப்புங்கன்றார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீங்க. முதல்ல ஃபோட்டோவ வெச்சு புது இனம்னு அடிச்சு சொல்றவர நம்பவே கூடாது. சிலந்தில கலரும் கோடும் ஒரே இனத்துக்குள்ளயே மாறும், நெருங்கின இனங்கள பிரிக்க வளர்ந்த ஆணோட வாய்ப்பக்கம் குட்டிக்கால் மாதிரி இருக்குற உறுப்போட நுனியையும், பெண்ணுக்கு வயித்துக்கு அடியில இருக்குற இனப்பெருக்க உறுப்பையும் மைக்ராஸ்கோப்ல பாக்கணும். உங்களுது குஞ்சா இருந்தா நிபுணரே பெரும்பாலும் கைய விரிச்சிடுவார். இதுவரை பேர் வெச்ச சிலந்தி இனமே 50,000-க்கு மேல, ஆப்ல வரலைன்னா ஆப்புக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம்.

அடுத்து அந்த சர்டிபிகேட். இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. விலங்குப் பேர்களுக்கு ஜூபேங்க்னு ஒரு ஆன்லைன் பதிவேடு இருக்கு, அதுல பதிய காசே கிடையாது, பதிஞ்சதும் ஒரு நீள நம்பர் வரும், அத பிரிண்ட் எடுத்து ஃப்ரேம் போட்டு குடுத்துடுவாங்க. அந்த நம்பர் வந்துட்டா புது இனம்னு யாரோ செக் பண்ணிட்டாங்கன்னு நெனச்சிடாதீங்க, அங்க அதெல்லாம் யாரும் செக் பண்றதில்ல. விலங்குகளுக்குப் பேர் வைக்கிற சர்வதேச விதிமுறைப்படி பேர் செல்லணும்னா அடையாளத்த விவரிச்சு ஆராய்ச்சி பேப்பர் வரணும், மாதிரியா ஒரு சிலந்திய குறிப்பிட்டு அது எந்த சேகரிப்புல இருக்கும்னும் அதுல சொல்லணும். ஆன்லைன்ல மட்டும் வர்ற பேப்பர்னா வெளியாகுறதுக்கு முன்னாடியே ஜூபேங்க்ல பதிஞ்சு, அந்த விவரம் பேப்பருக்குள்ளயே இருக்கணும்.

எனக்கு எரிச்சலே இங்கதான். இந்த விதிமுறைல பேப்பர வேற நிபுணர்கள் சரிபாக்கணும்னு ஒரு வரி கூட கிடையாது. காசு வாங்கிட்டு எத வேணா போடுற ஜர்னல்ல வந்தாலும் சம்பிரதாயம் சரியா இருந்தா பேர் கணக்குல ஏறிடும், அப்புறம் வர்றவன் அந்தக் குப்பைய சுமந்துதான் ஆகணும், கேட்டா பேர் வைக்கிற சுதந்திரமாம்! அதுக்கும் மேல, அதே சிலந்திக்கு நூறு வருஷம் முன்னாடியே யாராவது பேர் வெச்சிருந்தா பழைய பேர்தான் நிக்கும், அம்மா பேர் செல்லாத பேர் லிஸ்டுக்குப் போயிடும். விலங்குகளுக்கு இந்தப் பழைய பேர் கணக்கு 1758-ல ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் போட்ட புக்குல ஆரம்பிக்குது, சிலந்திக்கு மட்டும் அதே நாட்டு சிலந்தி ஆய்வாளர் கிளெர்க் 1757-ல போட்ட புக்கையும் சேத்துக்குவாங்க.

காசு குடுத்து பேர் வைக்கிறதே ஃப்ராடான்னா இல்ல. பொலிவியால கண்டுபிடிச்ச ஒரு குரங்குக்கு பேர் வைக்கிற உரிமைய 2005-ல ஏலம் விட்டாங்க, ஒரு ஆன்லைன் கேசினோ 6,50,000 டாலருக்கு எடுத்துச்சு, பணம் அந்தக் குரங்கு வாழ்ற மடிடி தேசியப் பூங்காவ காப்பாத்தப் போச்சு. ஆனா அங்க ஆராய்ச்சி பண்ணி புது இனம்னு உறுதி பண்ணவங்களே ஏலம் விட்டாங்க, பணம் எங்க போகுதுன்னும் வெளிப்படையா சொன்னாங்க. உங்க ஆள் சிலந்தியக் கண்ணால கூட பாக்கல. அட்வான்ஸ் எதுக்கு, பேப்பர எழுதப்போறது யாருன்னு கேளுங்க, மழுப்புவார்.

சிலந்தி செத்துருந்தா 70-80 சதவீத ஆல்கஹால்ல போடுங்க, காய விட்டா வீணாப்போகும். கிடைச்ச இடம், தேதி, புடிச்சவர் பேர் மூணையும் பென்சில்ல எழுதி சீட்ட பாட்டிலுக்கு உள்ளயே போடுங்க, பேனா மை கரைஞ்சிடும். அப்புறம் மியூசியத்துலயோ யுனிவர்சிட்டிலயோ சிலந்தி பாக்குற ஆளுக்கு ஒரு மெயில் போடுங்க, பதில் வர மாசக்கணக்கு ஆகலாம், அவங்க எண்ணிக்கை அவ்ளோ கம்மி.