கேள்வி – பதில்: ஜெபித்தும் ஏன் தோற்றோம்?

கேள்வி: ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஜெபிக்கிறோம். பிலிப்பியர் 4:13, ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே’ என்ற வசனத்தை எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்கிறோம். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் பாய்ந்து ஆடுகிறார்கள். ஒரு கோல் வாங்கிவிட்டால் போதும், தலை தொங்கிப்போகிறது. எங்கே தவறு?
— பள்ளிக் கால்பந்து அணிப் பயிற்சியாளர் ஒருவர்

பதில்: அந்த வசனத்தை வெற்றிக்கான உறுதிமொழியாகப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோல் விழுந்ததும் வாக்கு பொய்த்துப்போனதாகத் தோன்றுகிறது. அப்போஸ்தலன் பவுல் அதைக் காவலில் இருந்தபடி எழுதினார். முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: ‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்.’ 0–1 என்று பின்தங்கி நிற்கும் அணிக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது.

ஜெபத்தின் விண்ணப்பத்தையும் மாற்றுங்கள். ‘ஜெயத்தைத் தாரும்’ என்று எதிரணியும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளின் கையில் இருப்பதைக் கேட்கட்டும்: பந்தை இழந்தவுடன் திரும்பி ஓடும் மனம், நடுவரிடம் வாய் கொடுக்காத பொறுமை, இரு அணியிலும் யாருக்கும் அடிபடாத ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் இவை நடந்தனவா என்று அவர்களே சொல்லிவிடலாம், ஸ்கோர் எதுவானாலும்.

நேரமும் முக்கியம். பல அணிகள் வார்ம்-அப் முடிந்து, வியர்வையோடு வட்டமாக நின்று பத்து நிமிடம் உருகி ஜெபிக்கின்றன. அதற்குள் உடல் ஆறிவிடுகிறது. மனமோ அளவுக்கு மீறிச் சூடேறிவிடுகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் தேவையில்லாத ஃபவுல் வருவதற்கு இது ஒரு காரணம். ஆட்டம் தொடங்க 45 நிமிடம் இருக்கும்போது லைன்-அப்பும் திட்டமும் சொல்லிவிடுங்கள். அதன்பின் மூன்று நிமிடம் ஜெபம். பிறகு 20, 25 நிமிட வார்ம்-அப். கடைசியாக மைதானத்தில் தோள்சேர்த்து நிற்கும்போது ஒரே ஒரு சொல், பத்து விநாடிக்குள்.

கோல் வாங்கிய பிறகு செய்யவேண்டியதை வாரநாளில் பழக்கவேண்டும். நீதிமொழிகள் 24:16 ‘நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும்’ எழுந்திருப்பான் என்கிறது. ‘ஏழுதரம்’ என்பதையே அணியின் குறிச்சொல்லாக வைக்கலாம். கோல்கீப்பர் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு அனுப்புகிறார். கேப்டன் அந்தச் சொல்லைச் சொல்கிறார். யாரும் யாரையும் கை நீட்டிக் குற்றம் சொல்வதில்லை. மறுதொடக்கத்தில் முதல் மூன்று பாஸ் யாருக்கு என்பது முன்பே முடிவாகியிருக்கிறது. வாரம் ஒருமுறை 0–1 ஸ்கோரில், 12 நிமிடம் மட்டும் மீதி என்று வைத்துப் பயிற்சி ஆட்டம் நடத்துங்கள். இந்தப் பழக்கம் இல்லாத அணிக்கு வசனம் வெறும் கோஷம்தான்.

கேள்வி: பயிற்சிக்கு முன் தியானம் நடத்துகிறேன். பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள். எந்தப் பகுதிகளை எடுத்தால் ஆர்வம் வரும்?
— உடற்கல்வி ஆசிரியை

பதில்: பகுதி எதுவானாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கொட்டாவிதான். ஒரு நிமிடம் வாசிப்பு, ஒரே கேள்வி, அதற்கு இரண்டு பிள்ளைகளின் பதில், உடனே அதே கருத்தில் ஒரு பயிற்சி. வசனம் காலுக்கு இறங்கவேண்டும்.

1 கொரிந்தியர் 12-இல் சரீரமும் அவயவங்களும் பற்றி வாசித்தீர்களா? ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டு, ஐவரும் பந்தைத் தொட்ட பிறகு அடித்தால்தான் கோல் என்று விதி வையுங்கள். கோல் அடிப்பவனே ராஜா என்ற நினைப்பு கரையும். அதே நிருபத்தின் 9-ஆம் அதிகாரம் பந்தயத்தில் ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. கிரேக்க நகரமான கொரிந்துக்கு அருகே அக்காலத்தில் இஸ்த்மிய விளையாட்டுப் போட்டிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தன. வென்றவருக்குக் கிடைத்தது வாடிப்போகும் ஓர் இலைக்கிரீடம். இச்சையடக்கம் பற்றிய அந்தப் பகுதியை ஓட்டப்பயிற்சி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் இருப்பவர்களுக்கு யாத்திராகமம் 17. யோசுவா களத்தில் போரிட, குன்றின்மேல் மோசேயின் தளர்ந்த கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கிப் பிடித்தார்கள். ஒவ்வொரு மாற்று ஆட்டக்காரருக்கும் களத்தில் ஒருவரை ஒதுக்கி, இடைவேளையில் அவரிடம் ஒரே ஒரு குறிப்புச் சொல்லச் சொல்லுங்கள். வேடிக்கை பார்ப்பது குறையும். உள்ளே இறங்கும்போது ஆட்டமும் பிடிபட்டிருக்கும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தாமதமாக வந்தவனிடம் ‘சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்’ என்று வசனத்தை வீசுவது. திட்டுவதென்றால் உங்கள் சொந்த வார்த்தையில் திட்டுங்கள். வேதம் பிரம்பாகிவிட்டால் அடுத்த தியானத்தில் எவன் காது கொடுப்பான்?

கேள்வி: அணியில் பிற மதத்துப் பிள்ளைகள் நான்கு பேர். அவர்களும் ஜெபத்தில் நிற்கவேண்டுமா?

பதில்: கட்டாயப்படுத்தக் கூடாது. ‘வேண்டாதவர் ஒதுங்கிக்கொள்ளலாம்’ என்று எல்லார் முன்னிலும் அறிவிப்பதும் கட்டாயத்துக்குச் சமம். பதின்மூன்று வயதில் தனியாக ஒதுங்கி நிற்கும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? சீசன் தொடங்கும்போதே பெற்றோரிடம் பேசி அனுமதி கேளுங்கள். ஜெபத்தை அணிக்கூட்டத்திலிருந்து பிரித்து, விரும்புகிறவர்கள் முன்னதாக வந்து கூடும்படி வையுங்கள். ஆட்டத் திட்டம் எதையும் அங்கே பேசாதீர்கள், வராதவன் தகவல் இழப்பான். கேப்டன் பதவியோ ஆடும் பதினொருவரில் இடமோ ஜெபத்துக்கு வந்ததற்குப் பரிசு என்ற சந்தேகம் எழுந்தால் அணி உடைந்துவிடும்.

கேள்வி: சிலுவைச் சங்கிலி அணிந்து ஆடலாமா? உள்பனியனில் வசனம் எழுதலாமா?

பதில்: இரண்டும் கூடாது. ஆட்டவிதி 4-இன்படி நகை எதையும் கழற்றிவிடவேண்டும். டேப் ஒட்டி மறைப்பதும் செல்லாது. மத வாசகம் உள்ள உள்ளாடையைக் காட்டினால் போட்டி அமைப்பாளர் நடவடிக்கை எடுக்கலாம். அதைக் காட்டச் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை வேறு. 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முடிந்தபின் பிரேசிலின் காகா, இயேசுவுக்குரியவன் என்ற பனியனோடு நின்ற படத்தைப் பையன்கள் காட்டுவார்கள். இன்றைய விதியைச் சொல்லிக்கொடுங்கள். கோல் அடித்தபின் ஒரு கணம் முழந்தாளிடுவதில் குற்றமில்லை, நேரத்தை இழுத்தடிக்காதவரை.

கேள்வி: ஞாயிறு ஆட்டம் என்றால் என் மகன் வரமாட்டேன் என்கிறான். அணியைக் கைவிடுவதாகாதா?

பதில்: 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடல் 100 மீட்டரை விட்டார், அதன் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால். அட்டவணை மாதங்களுக்கு முன்பே தெரிந்ததால் 400 மீட்டருக்குத் தயாராகி, 47.6 விநாடியில் தங்கம் வென்றார். உங்கள் மகனும் அட்டவணை வந்த அன்றே, எந்தெந்த ஆட்டத்துக்கு வரமாட்டான் என்று பயிற்சியாளரிடம் எழுதிக் கொடுக்கட்டும். சனிக்கிழமை இரவு சொல்வதுதான் கைவிடுவது. காலை ஆராதனை முடிந்து மாலையில் ஆடுவதற்கு அவன் மனம் இடம்கொடுக்கிறதா என்றும் கேட்டுப்பாருங்கள். முடிவை அவனிடமே விட்டுவிடுங்கள்.